அப்பாவின் புல்லட்டுக்கு டிஸ்க் பிரேக் போட்ட கதை

ஏற்காட்டில் இருந்து இறங்கும்போதுதான் முடிவு செய்தேன். 20 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, முன் பிரேக் லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் மகள். கருகின வாசனை மூக்கில் ஏறுகிறது, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மிதித்து, ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். "தாத்தா வண்டிப்பா, மெதுவா போங்க" என்றாள். மெதுவாகத்தான் போனேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

வண்டி 1986 மாடல் புல்லட் 350, திருவொற்றியூரில் செய்தது. முன்னால் ஒற்றைக் கேம் டிரம் பிரேக்; டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூவையும் ஒரே கேம் விரித்து அழுத்தும். இரண்டு ஷூவில் ஒன்றுதான் சக்கரம் சுற்றும் வேகத்திலேயே தானாக இறுகும். இன்னொன்று அவ்வளவு வேலை செய்யாது. இறக்கத்தில் விடாமல் பிடித்தால் டிரம் சூடேறி விரிகிறது, ஷூ அதை எட்டுவதற்கு லீவர் இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கும் சூட்டில் பிடியை விட்டுவிடும். புது ஷூ, லேத்தில் டிரம் கடைசல், புது கேபிள் எல்லாம் பார்த்தாயிற்று. ஊருக்குள் போதும், மலைக்குப் போதாது.

புது டிஸ்க் பிரேக் கிட் வாங்க எனக்குக் கட்டுபடியாகாது. ஆனால் பின்னாளில் வந்த புல்லட் எலக்ட்ராவில் கம்பெனியே 280 மி.மீ. டிஸ்க் கொடுத்தது, சக்கரம் அதே 19 இன்ச். சரி என்று சென்னைக்கு ரயில் ஏறி, பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை போனேன். என் ஃபோர்க்கின் உள்குழாய் ஒன்றைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோனேன். கடை கடையாக நுழைத்துப் பார்த்து, அது ஆட்டமில்லாமல் வழுக்கி இறங்கிய எலக்ட்ரா ஃபோர்க் கால் ஜோடியை 2,400 ரூபாய்க்கு எடுத்தேன். ஒரு கடையில் காலிப்பர் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாட்டும் காது உடைந்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்ததை நீட்டினார்கள். அந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை மட்டும் வாங்கி, பழைய ரிம்மில் போக்ஸ் கம்பி கட்டலாம் என்றுதான் போனேன். ஆனால் டிஸ்க் ஹப் சிறியது. கம்பியின் நீளமும் சாய்வும் மாறும். முழு வீலே டிஸ்க்கோடு 3,000 ரூபாய்க்குக் கிடைத்ததால் அந்த வேலை மிச்சம். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்தைப் பார்த்து, வெர்னியர் வைத்து அளந்த பிறகே பணம் கொடுத்தேன். சேலத்தில் கோட்டம் எடுக்க 250.

இரும்பைப் பழசாக வாங்கலாம். ரப்பரும் ஆயிலும் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், பேட் நான்கும் எனக்குப் புதுசு, 5,100 ரூபாய். லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் எலக்ட்ராவுக்கு உரியதே. கிடைத்த வண்டியினுடையதை மாட்டினால் பிஸ்டன் அளவு ஒத்துப்போகாமல் லீவர் கல்லாகும், இல்லை பஞ்சாகும்.

மாட்டுவது அரை நாள் வேலை. ஏர் எடுப்பதில்தான், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதில்தான், மாட்டிக்கொண்டோம். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடு இன்னும் அப்படியே இருப்பதால் ஈரத் துணியைப் போர்த்திவிட்டுத் தொடங்கினோம். மெக்கானிக் அண்ணன் கீழே காலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறக்க, நான் மேலே லீவரைப் பிடிக்க, இருட்டும்வரை குமிழி வந்துகொண்டே இருந்தது. லீவர் மட்டும் பஞ்சு மாதிரியே இருந்தது. "விடுங்க தம்பி, காத்து மேலதான் போகும்" என்று பழைய டியூபில் ஒரு பட்டை வெட்டி, லீவரைக் கைப்பிடியோடு இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். காலையில் அவிழ்த்ததும் மேலே இருக்கும் ஆயில் டப்பாவில் இரண்டு மூன்று குமிழி வந்தது. அப்புறம் லீவர் பாதியிலேயே கெட்டியாக நின்றது.

சீல், ஃபோர்க் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 12,500-க்குள் முடிந்தது. பின் பிரேக் டிரம்மாகவே இருக்கிறது. ஏ.பி.எஸ். கிடையாது, மணலில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதைக் கை பழக ஒரு வாரம் ஆனது. பழைய டிரம் வீல், ஃபோர்க் கால் எல்லாவற்றையும் கிரீஸ் தடவிக் கோணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். அப்பா கேட்டால் ஒரே நாளில் பழையபடி மாட்டிவிடலாம்.

புது பேட் டிஸ்க்கில் படியும்வரை ஊருக்குள்ளேயே ஓட்டிவிட்டு, போன ஞாயிறு மகளோடு மறுபடி ஏற்காடு. இறங்கும்போது கடைசி வளைவிலும் லீவர் முதல் வளைவில் நின்ற இடத்திலேயே நின்றது. அடிவாரத்தில் நிறுத்தி டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அனல் அடித்தது, கருகின வாசனை இல்லை.