டூனியும் ஒரு கொரிய அப்பாவும்

2017 இலையுதிர் காலத்தில் டொராண்டோ வந்தேன். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் அறை, பக்கத்திலேயே ஒரு சின்னக் கடையில் கல்லா வேலை. முதல் வாரம் ஒருவர் சில்லறைக்கு "ரெண்டு டூனி" கேட்டார். நான் டூனா மீன் டின் இரண்டை எடுத்து வைத்தேன். இரண்டு டாலர் நாணயத்துக்கு அப்படியொரு செல்லப்பெயர் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

அன்று ராத்திரி ரசம் சூடுபண்ணும்போது டிவியில் "அப்பா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். கரண்டியோடு ஓடிப் பார்த்தால் ஒரு கொரியக் குடும்பம். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான்! கனடாவின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' தொடர். கடைக்கார அப்பாவாக பால் சன்-ஹ்யுங் லீ. ஜப்பான் கார் தப்பான இடத்தில் நின்றால் போலீசுக்கு போன் போடுகிற ஆள். 1910-இல் ஜப்பான் கொரியாவைப் பிடித்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகு ஒரு பேட்டியில் லீ பேசுவதைக் கேட்டேன். சுத்தமான கனடிய ஆங்கிலம்! தென்கொரியாவில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கே வந்தவர். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். அப்படியானால் தொடரில் அவர் பேசும் அந்தக் கொரிய உச்சரிப்பு நடிப்பா? நம்மைப்போன்றவர்களைக் கேலி செய்கிறாரோ என்று சுருக்கென்றது. திரும்பப் பார்த்தேன். நான் சிரித்தது உச்சரிப்புக்கு இல்லை, அந்த மனிதரின் பிடிவாதத்துக்கு.

பாத்திரம் கேமராவுக்காகப் பிறந்ததும் இல்லை. இன்ஸ் சோய் எழுதிய நாடகம், 2011 டொராண்டோ ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் அரங்கேறியது. மறுவருடம் சோல்பெப்பர் நாடகக் குழு எடுத்துக்கொண்டது. 2016-இல் தொடர் வருவதற்குள் லீ அந்தக் கல்லாவுக்குப் பின்னால் வருடக்கணக்கில் நின்றுவிட்டார். மேடையில் மனைவியாக நடித்த ஜீன் யூனும் கூடவே வந்தார். கனடியன் ஸ்கிரீன் விருது, அப்புறம் ஸ்டார் வார்ஸ் தொடரான 'மாண்டலோரியன்', 2024-இல் நெட்பிளிக்ஸின் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரில் ஐரோ மாமா... சரி, எனக்கு அவர் கடைக்காரர்தான்.

ஒரு லீவு நாளில் 501 ஸ்ட்ரீட்கார் (இங்கத்து டிராம்) பிடித்து குவீன், ஷெர்போர்ன் சந்திப்பில் இறங்கினேன். தொடரில் வெளியே இருந்து காட்டுவது அங்கிருக்கும் நிஜக் கடையைத்தான். சாக்லேட் வாங்கி, டூனி கொடுத்து, போட்டோ எடுத்து விருதுநகருக்கு அனுப்பினேன். அப்பா அங்கே முப்பது வருடம் மளிகைக்கடை நடத்தியவர். நெட்பிளிக்ஸில் இரண்டு எபிசோட் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அந்த ஆளு நெசமாவே கடை வெச்சிருந்தவரா?"

"இல்லப்பா, நடிகர்."

"பொய் சொல்லாத. கல்லா முன்னாடி நிக்கிறதப் பார்த்தாலே தெரியுதே."