ஸ்வெட்டர் முன்பக்கம் இனி மேலே தூக்காது: ஷார்ட் ரோ கணக்கு

முன்பக்கமும் பின்பக்கமும் அக்குள் வரை வந்தாயிற்று. பக்கவாட்டில் தற்காலிகமாக நூலோட்டிப் போட்டுப் பார்த்ததில், கீழ் விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. முன்னால் தூக்கிக்கொள்ளவும் இல்லை, முதுகில் துணி மடிந்து தொங்கவும் இல்லை. கையால் பின்னிய ஸ்வெட்டரில் இது அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நூல் டிகே கனம் (மிதமான தடிமன்), 4 மி.மீ. ஊசி. ஸ்வாட்ச்சை, அதாவது அளவு பார்க்கப் பின்னிய மாதிரித் துண்டை, நனைத்து உலர்த்திய பிறகு 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), 30 வரிசை. வரிசைக் கணக்கைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. இடுப்பு எந்த உயரத்தில் விழும், ஷார்ட் ரோ (ஓரம்வரை போகாமல் நடுவிலேயே திரும்பும் வரிசை) எத்தனை வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சூப்பர்வாஷ் கம்பளியாக (இயந்திரத்தில் துவைக்கப் பதப்படுத்திய கம்பளி) இருந்தால் நனைத்த பின் நீளவாக்கில் இளகும். அதனால் நனைக்காத ஸ்வாட்ச்சை நம்பவே கூடாது.

அளவைத் தேர்ந்தது மேல் மார்பை வைத்து. அக்குளுக்கு ஒட்டி மேலே 90 செ.மீ., முழு மார்பு 96, இடுப்பு 80. முழு மார்பைப் பார்த்து அளவு எடுத்தால் தோள் இறங்கி, கழுத்து அகன்று, கைக்குழி தொளதொளவென்று ஆகிவிடும். மேல் மார்புக்குப் பொருந்தும் அளவைப் பின்னி, முன்பக்கத்துக்குத் தேவையான கூடுதல் நீளத்தைத் தனியாகக் கொடுப்பதுதான் சரி. தையலுக்குப் போகும் கண்ணிகளைக் கழித்தால் முடிந்த மார்பளவு 94.5 செ.மீ. வருகிறது. உடம்பைவிட 1.5 குறைவுதான். பின்னல் துணி அந்த அளவு இழுத்துக் கொடுக்கும்.

இடுப்பு வளைவைப் பக்கத் தையலில் வைக்கவில்லை. வளைவு இருப்பது முதுகின் அடிப்பகுதியில். விலாவில் குறைத்தால் முன்னால் வயிற்றின் மேல் துணி ஒட்டிக்கொள்கிறது, முதுகிலோ காற்றுப்பை மாதிரி நிற்கிறது. ஆகவே முன்பக்கம் 108 கண்ணியோடு நேராகவே மேலே போகிறது, பின்பக்கத்தில் மட்டும் இரண்டு டார்ட், அதாவது கண்ணி குறைத்துத் துணியை உடம்போடு ஒட்டவைக்கும் கோடுகள். 108 கண்ணியை 36, 36, 36 எனப் பிரித்து இரண்டு மார்க்கர் (இடம் காட்டும் சிறு வளையம்). முதல் மார்க்கருக்கு முன் இரண்டு கண்ணி சேர்த்து வலப்பக்கம் சாயும் குறைப்பு, இரண்டாவது மார்க்கருக்குப் பின் இடப்பக்கம் சாயும் குறைப்பு. 6 வரிசைக்கு ஒரு முறை, மொத்தம் 8 முறை. 48 வரிசையில், அதாவது 16 செ.மீ.யில், 92 கண்ணிக்கு வந்துவிடும். 3 செ.மீ. நேராகப் பின்னிவிட்டு, 8 வரிசைக்கு ஒரு முறை கூட்டி 104. நடுப்பகுதி கடைசிவரை 36 ஆகவே இருப்பதால் இரண்டு டார்ட் கோடுகளும் வளையாமல் ஓடும். பக்க ஓரம் நேராக இருப்பதால் இணைக்கும்போது வரிசைக்கு வரிசை பொருந்தும்.

இனி முன்பக்கத்துக்கு அந்தக் கூடுதல் நீளத்தைக் கொடுக்கும் ஷார்ட் ரோ. தோளிலிருந்து மார்பின் மேலாகக் கீழ் விளிம்புவரை ஒரு அளவு, முதுகில் நேராக ஒரு அளவு. வித்தியாசம் 5 செ.மீ. இது 15 வரிசை. இரட்டைப்படை வேண்டும் என்பதால் 16, அதாவது பக்கத்துக்கு 8 திருப்பம். மார்பு முனைகளுக்கு இடையே 20 செ.மீ., 44 கண்ணி. மீதி பக்கத்துக்கு 32. முதல் திருப்பம் ஓரத்திலிருந்து 6 கண்ணி தள்ளி, அடுத்தது ஒவ்வொன்றும் 3 கண்ணி உள்ளே. எட்டாவது திருப்பம் 27-இல் நிற்கும், முனைக்கு இன்னும் 5 கண்ணி பாக்கி. அந்த 2 செ.மீ. சொச்சம் கட்டாயம் வேண்டும். முனைவரை கொண்டுபோனால் துணி கூம்பாகப் புடைக்கும். முனை உயரத்துக்கு 2, 3 செ.மீ. கீழே தொடங்கினால் போதும்.

முறை ஜெர்மன் ஷார்ட் ரோ. திருப்பியதும் நூலை முன்னால் வைத்து முதல் கண்ணியைப் பின்னாமல் மாற்றி, நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்கு இழுத்தால் கண்ணி இரண்டு கால்களாக நிற்கும். அடுத்து நிட் (நூலைப் பின்னால் வைத்துப் பின்னும் நேர்ப்பின்னல்) என்றால் நூல் ஏற்கெனவே பின்னால் இருக்கிறது, சிக்கல் இல்லை. பர்ல் (நூலை முன்னால் வைத்துப் பின்னும் மறுபின்னல்) என்றால்தான் தொல்லை. நூலை ஊசிகளுக்கு இடையே மறுபடி முன்னுக்குக் கொண்டுவரும் அந்தக் கணத்தில் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது, பிறகு அங்கே ஓட்டை தெரிகிறது. நூலை முன்னுக்கு எடுத்தபின் ஆள்காட்டி விரலால் இரட்டைக்கால் கண்ணியை அழுத்திப் பிடித்து, அடுத்த கண்ணியைச் சற்று இறுக்கமாகப் பின்னினால் மறைந்துவிடும். இதற்கு மூங்கில் ஊசிதான் தோது. உலோக ஊசியில் இரட்டைக்கால் வழுக்கி ஒற்றையாகிவிடுகிறது. ஒவ்வொரு இரட்டைக்கால் கண்ணியிலும் ஒரு பூட்டும் மார்க்கர் மாட்டிவிடுங்கள். கடைசியாக இரண்டு கால்களையும் ஒரே கண்ணியாகச் சேர்த்துப் பின்ன, முழு நிட் வரிசையில் ஒரு பக்கத்து எட்டும், அடுத்த பர்ல் வரிசையில் மறுபக்கத்து எட்டும் முடியும். பர்ல் வரிசையில் ஒரு காலை விட்டுவிடுவது வெகு சுலபம், மார்க்கர் காட்டிக்கொடுக்கும்.

கைச்சாயம் போட்ட நூல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நிறம் திட்டுத்திட்டாகாமல் இருக்க இரண்டு உருண்டைகளை இரண்டு வரிசைக்கு ஒன்றாக மாற்றுவோம் இல்லையா, ஷார்ட் ரோவில் அது நடக்காது. ஓரத்தையே தொடாமல் திரும்புகிறோம், மற்ற உருண்டையின் நூல் ஓரத்தில் கிடக்கும். அந்த 16 வரிசையை ஒரே உருண்டையில் முடிக்க வேண்டும். வாங்கும்போதே ஒரே சாயத்தொகுதி எண்ணில் ஒரு உருண்டை கூடுதலாக எடுத்து வையுங்கள், பிறகு தேடினால் அதே எண் அகப்படாது.

கைக்கு மேல்கைச் சுற்றளவு 30, தளர்வு 4, மொத்தம் 34 செ.மீ. தையலோரம் சேர்த்து 76 கண்ணி என்று குறித்து வைத்திருக்கிறேன். கழுத்தை வி வடிவில் வைக்கலாம் என்று ஒரு யோசனை, நூல் மிஞ்சுவதைப் பொறுத்து. அதற்கு முன் கைக்குழி. முன்பக்கம் 108, பின்பக்கம் 104. தோளில் இரண்டும் ஒரே அகலத்துக்கு வந்தாக வேண்டும் என்பதால் முன் கைக்குழியில் பக்கத்துக்கு 2 கண்ணி கூடுதலாகக் குறைக்கணும். முதல் வரிசையிலேயே அந்தக் கண்ணிகளை மொத்தமாக மூடிவிடாமல், வளைவின் கீழ்ப்பாதியில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகப் பிரித்துக் குறைத்தால் கை பொருத்தும்போது சுருக்கம் விழாது.