அம்மாவின் முட்டி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?

அம்மாவுக்கு 63 வயது. அருப்புக்கோட்டையில் இருக்கிறார். முட்டி வலிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதே, வாசலில் கோலம் போட்டுவிட்டு எழ முடியாமல் திண்ணையைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்குத்தான். வலது முட்டி. பக்கத்திலேயே ஒரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். "ஆரம்பநிலைத் தேய்மானம்தான், வயசாகுதுல்ல" என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், வந்துவிட்டோம்.

ஒன்றரை வருஷம் கழித்து வலி கூடியது. மதுரைக்கு அழைத்துப்போய் இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தேன். இந்த முறை அறிக்கையில் கிரேடு 3 என்று இருந்தது. முட்டியின் உள்பக்கம் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி நன்றாகக் குறைந்திருந்தது. "இவ்வளவு வேகமா தேயுதுன்னா ரெண்டு வருஷம்கூடத் தாங்காது, இப்பவே மாத்திடறது நல்லது" என்று அங்கேயே முட்டி மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கேட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். காரியாபட்டி தாண்டியதும், "இன்னும் எத்தனை வருஷம்மா இந்தக் காலு தாங்கும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த ஒரு வருஷம் அலைந்தோம்.

மூன்றாவதாகப் பார்த்த எலும்பு டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"அம்மா, முதல் படம் எடுத்தப்ப நின்னீங்களா, படுத்திருந்தீங்களா?"

"மேசையில படுக்கச் சொன்னாங்க தம்பி."

"ரெண்டாவது தடவை?"

"நிக்க வச்சு எடுத்தாங்க."

விஷயம் அங்கேதான் இருந்தது. எலும்பு முனைகளை மெத்தை மாதிரி மூடியிருக்கும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அது எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். படுத்திருக்கும்போது முட்டியில் உடம்பின் பாரம் இல்லை, அதனால் இடைவெளி அகலமாகத் தெரியும். நின்றால்தான் உண்மை நிலை தெரியும். ஒன்றரை வருஷத்தில் முட்டி அவ்வளவு தேய்ந்துவிடவில்லை. எடுத்த விதம்தான் வேறு. அம்மாவுக்கு முதல் படத்தின்போதே கிட்டத்தட்ட இதே நிலை இருந்திருக்கலாம் என்றார். அவசர அவசரமாக ஒரு முட்டியை மாற்றப் போனோம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இந்த கிரேடு கணக்கு கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957-ல் வகுத்தது. 0 முதல் 4 வரை. எலும்பு முளைத்திருக்கிறதா, இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. முட்டி இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லும். எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைச் சொல்லாது. வேகம் தெரிய, ஒரே மாதிரி நிற்கவைத்து, முட்டியை ஒரே அளவு மடக்கி, கால இடைவெளி விட்டு எடுத்த இரண்டு படங்களாவது வேண்டும். சராசரியாக ஆண்டுக்கு 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர்தான் இடைவெளி குறைகிறது என்கிறார்கள். அவ்வளவு சின்ன மாற்றத்தைக் கண்டுபிடிக்க, நிற்கும் விதத்தில் சின்னப் பிசகுகூட இருக்கக் கூடாது.

அப்புறம் டாக்டர் அம்மாவை அறைக்குள்ளேயே நடக்கச் சொன்னார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி அம்மா நடந்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் நான் கவனிக்காததை அவர் காட்டினார்: வலது கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளமாக ஒரு எக்ஸ்ரே எடுத்ததில் அது உறுதியானது. கால் அப்படி வளைந்தால் பாரத்தின் பெரும்பகுதி முட்டியின் உள்பக்கத்தில் விழும். அமெரிக்காவில் லீனா சர்மாவின் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வளைந்த கால் உள்ளவர்களுக்கு 18 மாதங்களில் உள்பக்கத் தேய்மானம் கூடும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு இருந்தது. அம்மா விஷயத்தில் என்னை உண்மையில் பயமுறுத்தியது இதுதான், கிரேடு 3 இல்லை.

எடையும் பார்த்தார்கள், 74 கிலோ. ஒரு கிலோ குறைத்தால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டிலும் முட்டியின் மேல் விழும் பாரம் 4 கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னதும், "ஒரு எட்டுக்கு நாலு கிலோவா?" என்று கடைக்கும் வீட்டுக்கும் எத்தனை எட்டு என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடைசியாக, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார் என்று பிசியோ எண்ணினார். ஏழு. தொடைத் தசைக்கு வலுவே இல்லை என்றார்.

எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். ஸ்கேனில் ஜவ்வுக் கிழிசல், எலும்புக்குள் நீர் கோத்தது போன்றவை தெரியும், அவை இருந்தால் தேய்மானம் வேகமாகலாம். ஆனால் தெரிந்தாலும் இப்போது செய்யப்போவது மாறாது, காசை மிச்சம் பிடியுங்கள் என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லி வேறொருவர் யோசனை சொல்லியிருந்தார். அதுவும் வேண்டாம் என்றார். அப்படி இரண்டு வருஷம் தொடர்ந்து போட்டுப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலியும் அதிகமாகக் குறையவில்லை, குருத்தெலும்பு கூடுதலாகத்தான் தேய்ந்தது.

அமெரிக்காவில் 2004-ல் தொடங்கி 4,796 பேரின் முட்டிகளை வருஷக்கணக்காகப் படம் எடுத்துத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் படங்களை வைத்துத்தான் இன்றைக்குக் கணினியைக் கொண்டும் தேய்மானத்தை முன்கூட்டிச் சொல்லப் பார்க்கிறார்கள். ஆனால் அம்மாவின் கேள்விக்குத் தேதி போட்டுப் பதில் சொல்ல யாராலும் முடியாது என்று டாக்டர் நேராகவே சொன்னார். படத்தில் மோசமாக இருந்தும் வலி இல்லாமல் நடப்பவர்கள் உண்டு, படம் நன்றாக இருந்தும் வலியில் துடிப்பவர்களும் உண்டு. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

சரி, வீட்டில் மாற்ற முடிந்ததை மாற்றினோம். அரிவாள்மனை மேலே ஏறிவிட்டது, காய் நறுக்குவது மேசையில் உட்கார்ந்து கத்தியால். உட்கார்ந்து போகும் கழிப்பறை வைத்தோம். ஊன்றுகோலை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம், இடது கையில் பிடிக்க வேண்டும் என்பதைப் பழக்கவே ஒரு வாரம் ஆனது. காலையும் மாலையும் சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்திப் பத்து வரை எண்ணுவார். முதல் மாதம் வலிக்கிறது என்று அழுதிருக்கிறார். போனில் நானும் கூடவே எண்ணினேன்.

ஒரு வருஷம் கழித்து அதே இடத்தில், அதே மாதிரி நின்று எக்ஸ்ரே. இடைவெளி 2.9 மில்லிமீட்டராக இருந்தது 2.8. அளவெடுப்பதில் வரும் வித்தியாசமாகவே இருக்கலாம் என்றார் டாக்டர். சில வருஷம் அப்படியே இருந்துவிட்டுத் திடீரென்று இறங்குவதும் உண்டு, அதனால் இரண்டு வருஷம் கழித்து இன்னொரு படம். எடை 69. நாற்காலியிலிருந்து பதினொரு முறை எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படங்களைப் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்தார். வைப்பதற்கு முன்னால் பேனா கேட்டு வாங்கி, ஒவ்வொரு உறையின் மேலும் தேதி போட்டு எழுதினார்: நின்று எடுத்தது. நின்று எடுத்தது. படுத்து எடுத்தது.