ஜிம்னியை நீட்டி ஒரு ஜிப்ஸி

ஜூன் 7, 2025

அடுத்து செய்யப்போகும் மாடல் வண்டி மாருதி ஜிப்ஸி என்று முடிவாகிவிட்டது. அதுவும் ராஜஸ்தானின் ரந்தம்பூர் காட்டுக்குள் புலி பார்க்கக் கூட்டிப்போகும் திறந்த ஜிப்ஸி: கூரை கிடையாது, பின்னால் மும்மூன்று பேர் உட்கார இரண்டு வரிசை சீட், பிடித்துக்கொள்ளக் குழாய்க் கம்பி. போன வருடம் மச்சான் குடும்பத்தோடு அங்கே போனபோது, வண்டியைச் சுற்றிலும் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். புலி கண்ணில் படவே இல்லையாம். அதனால் வண்டிப் படங்கள் தாராளமாகக் கிடைத்தன.

ஜிப்ஸிக்கென்று 1/24 அளவில் பிளாஸ்டிக் கிட் நான் தேடிய வரையில் இல்லை. சரி, கிட்பேஷிங்தான்: வேறு வண்டிகளின் கிட்களை வெட்டி ஒட்டிப் புது வண்டி செய்வது. ஹசெகாவா கம்பெனி கிட்டான சுசுகி ஜிம்னி ஜேஏ11 முதல் வண்டி. இத்தாலேரி கம்பெனியின் வில்லிஸ் ஜீப் இரண்டாவது. சக்கரங்கள், பழைய டொயோட்டா ஹைலக்ஸ் கிட் ஒன்றில் மிஞ்சியவை.

ஜூன் 8

இன்று பிளேடைத் தொடவில்லை. முழுக்கக் கணக்கு.

1985 டிசம்பரில் வந்த ஜிப்ஸி புதிதாகப் பிறந்த வண்டி இல்லை. சுசுகி எஸ்ஜே410இன் நீள வடிவம்தான் அது. கிட்டில் இருக்கும் ஜேஏ11 அதே குடும்பத்தின் குட்டை உருவம். அதாவது சுசுகிக்காரர்கள் இரும்பில் செய்ததை நான் பிளாஸ்டிக்கில் செய்யப்போகிறேன். இரண்டுக்கும் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் டாஷ்போர்டில் கைவைக்க வேண்டாம்.

ஜிம்னியின் முன் பின் அச்சுகளுக்கு நடுவே 2030 மி.மீ. ஜிப்ஸிக்கு 2375. வித்தியாசம் 345. அதை 24ஆல் வகுத்தால் 14.4 மி.மீ. மொத்த நீளம் பார்த்தால் 3295க்கு 4010. மாடலில் கிட்டத்தட்ட 30 மி.மீ. கூட வேண்டும். 14.4 அச்சுகளுக்கு நடுவே போய்விடும். மீதி 15 மி.மீ.யைப் பின்சக்கரத்துக்குப் பின்னாலும் பம்பர்களிலும் பிரித்துப் போட வேண்டும். ஜேஏ11 அப்படி ஒட்ட நறுக்கினாற்போல் இருப்பதற்குக் காரணம் ஜப்பானின் கே கார் சட்டம், அதாவது குட்டிக் கார்களுக்குச் சலுகை தரும் சட்டம். அன்றைக்கு 3.3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம், 660 சிசி தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது.

நீட்டும்போது எங்கே நீட்டுவது என்பதுதான் முக்கியம். சமமாக இழுத்துவிட்டால் அளவு சரியாக இருக்கும், முகம் மட்டும் வேறு யாரோ மாதிரி ஆகிவிடும். ஜிப்ஸியின் கதவு வரை எல்லாம் ஜிம்னியேதான். பம்பரை விட்டால் கூடுதல் நீளம் முழுக்கக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஜூன் 14

சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வெட்டியாகிவிட்டது. வில்லிஸை எடுத்ததற்குக் காரணம் இங்கேதான். அதுவும் ஏணி மாதிரியான சேஸிஸ், அதுவும் நாலு பக்கமும் இலைப் பட்டை ஸ்ப்ரிங். அச்சு இடைவெளி 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. ஜிம்னிக்கும் அதற்கும் 2 மி.மீ.தான் வித்தியாசம்! இது தற்செயலா, ஜீப்பைப் பார்த்து வைத்த அளவா என்று மச்சானோடு போனில் அரை மணி நேரம் பேச்சு.

வில்லிஸ் சேஸிஸின் நடுத்துண்டை ஜிம்னி சேஸிஸுக்கு நடுவே வைத்தேன். நேராக வெட்டி முனையோடு முனை ஒட்டினால் பிற்பாடு அழுத்தும்போது அங்கேயே முறியும். அதனால் இரு பக்கமும் படிக்கட்டு மாதிரி வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று படிய வைத்து ஒட்டினேன். கண்ணாடிப் பலகை மேல் வைத்து இரவு முழுக்க அப்படியே விட்டேன். பின் அச்சைச் சுழற்றும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டும் 14.4 மி.மீ. நீளவேண்டும். அதற்கு ஸ்ப்ரூ துண்டு, அதாவது கிட் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் குச்சி, போதும். கவிழ்த்துப் பார்த்தால்தான் அது தெரியும். நான் கவிழ்த்துப் பார்ப்பேன்.

ஜூன் 21

பாடி.

கூரையை முதலில் எடுத்தேன். முன் கண்ணாடிச் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, கதவின் இடுப்புக் கோடு வரை ரேசர் சா என்கிற மெல்லிய ரம்பம் வைத்து அறுத்தேன். ஹேக்சா பிளேடு வேண்டாம், அது தின்னும் அகலத்தில் அரை மில்லிமீட்டர் போய்விடும். பிறகு கதவுக்கும் பின்சக்கர வளைவுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு வெட்டு.

இரண்டு ஜிம்னி கிட் வாங்கி ஒன்றின் முன்பக்கத்தையும் இன்னொன்றின் பின்பக்கத்தையும் சேர்ப்பது பலர் சொல்லும் வழி. நீளமான செடான் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். இங்கே கதவுக்கும் வளைவுக்கும் நடுவே இருக்கும் தகடே விரல் அகலம்தான். இரண்டாவது கிட்டிலிருந்து எடுக்க அங்கே ஒன்றுமில்லை. மேலும் இறக்குமதி கிட், அதற்கு மேல் சுங்கவரி. வீட்டில் ஒரு டப்பாவுக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனவே 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட். உள்பக்கம் குறுக்குப் பட்டை வைத்து ஒட்டி, வெளியே இடுக்குகளில் ஆப்ப சோடாவைத் தூவி மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக். அந்த நொடியே கல்லாகிவிடும். ஆற விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகித் தேய்க்க வராது. உடனே உப்புத்தாளை எடுத்துவிட வேண்டும்.

ஜூன் 22

அகலம். ஜிம்னி 1395, ஜிப்ஸி 1540. மாடலில் பக்கத்துக்கு 3 மி.மீ. உடம்பை அகலப்படுத்தத் தேவையில்லை. 1993இல் ஜிப்ஸியின் சக்கரங்களை 90 மி.மீ. விலக்கி வைத்தார்கள், அதை மூடத்தான் வளைவுகளின் மேல் அந்தப் பட்டை. எம்-சீலில் உருட்டி வைத்து, காய்ந்ததும் செதுக்கினேன். 15 அங்குல ரிம் என்பதால் ஹைலக்ஸ் சக்கரம் பொருந்திப்போனது.

வண்டியைத் தரையில் வைத்தவுடன் ஜிம்னி காணாமல் போய்விட்டது.

ஜூன் 29

பின் சீட். மச்சான் எடுத்த படங்களில் கடைசி வரிசை ஒரு படி மேலே இருக்கிறது. இல்லையென்றால் பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவர் தொப்பிதான் தெரியும். எவ்வளவு உயரம் என்பதைப் படத்தில் அளக்க முடியாது, கோணம் ஏமாற்றும். அதனால் 1.70 மீட்டர் ஆள் ஒருவரை அட்டையில் 71 மி.மீ.க்கு வெட்டி, முட்டியில் மடித்து உட்கார வைத்தேன். முட்டி இடித்தால் சீட் தப்பு. அட்டை ஆள் சொன்னபடி மேடையை 2 மி.மீ. குறைத்தேன்.

மெத்தைகள் வில்லிஸ் கிட்டிலிருந்து, அகலம் கூட்டி. கம்பிக்கு 1.6 மி.மீ. பிளாஸ்டிக் ராடு. வெந்நீரில் முக்கி ஆணி மேல் வளைத்தால் உடையாது.

ஜூலை 6

கோவையில் ஜூலையில் பெயிண்ட் அடிக்க நினைப்பவனுக்குப் பொறுமை வேண்டும். காலையில் சாரல், மதியம் காற்று. ஈரக் காற்றில் லாக்கர் பெயிண்ட் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், காற்றில் அடித்தால் தெருப் புழுதி எல்லாம் பாடியில். மாலை ஒரு மணி நேரம் வெயில் அடித்தது, அதற்குள் பிரைமர் என்கிற அடிப்பூச்சு முடிந்தது. சாம்பல் நிற பிரைமர் பொய் சொல்லாது. இடப்பக்க இணைப்பில் முடி அளவுக்கு ஒரு கோடு தெரிகிறது. தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். பச்சை அடுத்த வாரம்.

ஜூலை 13

பச்சை அடித்து, கீழ்ப்பாதியில் காவிப் புழுதி ஏற்றியாகிவிட்டது. புழுதிக்கு வீட்டுக் கலர் சாக்பீஸ் பொடிதான்.

நம்பர் பிளேட் மஞ்சளில், வாடகை வண்டியாயிற்றே. நிஜத்தில் 500க்கு 120 மி.மீ., மாடலில் 21க்கு 5. ரந்தம்பூர் இருக்கும் சவாய் மாதோபூர் மாவட்ட வண்டி என்பதால் ஆர்ஜே 25. மீதி எண்ணைக் கற்பனையாகப் போட்டேன்.

படம் அனுப்பியதும் மச்சான் கேட்டது: “அஞ்சு கதவு ஜிம்னி எப்போ செய்யப் போறீங்க மாப்ள?” 2023இல் இங்கே வந்த அந்த வண்டியின் அச்சு இடைவெளியைப் பார்த்தேன். மூன்று கதவு ஜிம்னிக்கு 2250, ஐந்து கதவுக்கு 2590. வித்தியாசம் 340! நாற்பது வருடம் கழித்தும் சுசுகி நீட்டியது ஏறக்குறைய அதே அளவு. ஆனால் அதில் பின்கதவுகளைப் புதிதாகக் கீறி எடுக்க வேண்டும், கூரையையும் நீட்ட வேண்டும். மச்சானுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. முதலில் இதற்குப் பக்கக் கண்ணாடிகளை ஒட்டி முடிக்கிறேன்.