சிறுநீர்ப்பைக் கேமரா பரிசோதனை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அனுபவம்

சிறுநீரில் இரத்தம் வந்தது, வலி இல்லை, பிறகு தானாகவே தெளிந்துவிட்டது. தெளிந்ததும் விட்டுவிடுவது தோட்டப்புறத்தில் எங்கள் வயது ஆண்களின் வழக்கம். ஆனால் வலியின்றி வந்து நின்ற இரத்தமும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்றும், புகைபிடித்தவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல் என்றும் சுகாதாரக் கிளினிக் மருத்துவர் விளக்கி, சிறுநீர்ப்பைக்குள் கேமராவை விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காக ஈப்போவில் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்.

முதலில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். தொற்று இருந்தால் பரிசோதனையைத் தள்ளிவைப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எனக்கு மயக்க மருந்து கிடையாது என்பதால் காலையில் வழக்கம்போல் பசியாறிவிட்டுத்தான் போனேன்.

பலரும் அஞ்சுவது கூச்சத்துக்குத்தான். இடுப்புக்குக் கீழே துணியால் மூடி, தேவையான இடத்தை மட்டும் திறந்து, தாதி மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டார். மரத்துப்போகச் செய்யும் குளிர்ந்த ஜெல்லைச் சிறுநீர்த் துவாரத்தில் செலுத்தி, சில நிமிடம் காத்திருந்த பின், நுனியில் கேமரா உள்ள, பென்சிலைவிட மெல்லிய, வளையக்கூடிய குழாயை மருத்துவர் மெதுவாக நுழைத்தார். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியைக் கடக்கும் இடத்தில்தான் சுருக்கென்று எரிந்தது. அப்போது மூச்சை இழுத்து விட்டு, சிறுநீர் கழிப்பதுபோல் தளர்த்திக்கொள்ளச் சொன்னார், அது உண்மையிலேயே உதவியது. நீர் ஏற்றி, பையை விரித்துப் பார்ப்பதால் அடக்க முடியாதபடி முட்டிக்கொண்டு வருவதுபோல் இருக்கும். திரையில் வெளிறிய இளஞ்சிவப்புச் சுவரும், அதில் நூல் நூலாய் ஓடிய இரத்த நாளங்களும், மேலே மிதந்த ஒரு காற்றுக்குமிழியும் தெரிந்தன. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

எனக்குக் கட்டி எதுவும் இல்லை, புரோஸ்டேட்தான் வீங்கியிருந்தது. சந்தேகத்துக்குரிய கட்டி தெரிந்திருந்தால், மற்றொரு நாளில் மயக்க மருந்து கொடுத்து, அறுவைக் கூடத்தில் அதை அகற்றிச் சோதனைக்கு அனுப்புவார்கள் என்றார் மருத்துவர்.

அன்றே வீடு திரும்பலாம். ஓரிரு நாள் எரிச்சலும் இலேசான சிவப்பும் இருக்கும்; தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குளிர்காய்ச்சல் கண்டாலோ, இரத்தக் கட்டிகள் வந்தாலோ, சிறுநீரே கழிக்க முடியாமற்போனாலோ, அடுத்த தவணைக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.