சரிவில் படரும் ஊதா உண்ணி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வேலிக்கும் கால்வாய்க்கும் நடுவே சின்னச் சரிவு ஒன்று உண்டு. மதிய மழை அடித்துப் பெய்தால் அந்த மண் கரைந்து கால்வாய்க்குள் இறங்கிவிடும். புல் வைத்தாலோ, சரிவில் நின்று வெட்டுவது பெரும்பாடு. இப்போது அங்கே மண்ணைப் பிடித்து வைத்திருப்பது தரையோடு படரும் ஊதா உண்ணிச்செடி.

கன்றுகளை சுங்கை பூலோவில் வாங்கினேன். 1930-இல் தொழுநோயாளிகளுக்காக அமைத்த குடியிருப்பு அது. நோயோடு அங்கே வந்து தங்கியவர்கள் வளர்த்தெடுத்த தொழில்தான் அந்த நர்சரிகள். செடி வாங்க எனக்கு அங்கே போகத்தான் பிடிக்கும்.

நான் நடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார்: "ஏம்மா, உண்ணிச்செடியப் போயி காசு குடுத்தா வாங்குவாங்க?" தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர், புதராக மண்டும் முள் உண்ணியை வெட்டி ஓய்ந்தவர். "இது வேற பாட்டி, தரையிலதான் படுக்கும்," என்றேன். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனை அதேதான்," என்றார். உண்மைதான், இரண்டும் ஒரே பேரினம், இனம்தான் வேறு. இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது.

ஐம்பது காசு அளவுக் கொத்து. ஒவ்வொரு பூவின் நடுவிலும் வெள்ளைப் பொட்டு. காலையில் வண்ணத்துப்பூச்சிகள் விடாமல் வருகின்றன. ஒரு தண்டைத் தூக்கிப் பார்த்தால் மண்ணைத் தொட்ட கணுவிலெல்லாம் வேர் இறங்கியிருக்கும். சரிவு நிற்பது அந்த வேர்களால்தான்.

நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. நெருங்கிப் படரும்வரை களையைக் கையால் பிடுங்கத்தான் வேண்டும். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும், பூ குறையும். புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் அவ்வப்போது தயங்காமல் கத்தரித்துவிடுங்கள். வெட்டிய தண்டை மணலில் ஊன்றினால் அதுவும் பிழைக்கும். கால்வாய் ஓரத்தைத் தாண்ட மட்டும் விடவே கூடாது. ஆஸ்திரேலியாவில் இதே செடி மேய்ச்சல் நிலங்களில் களையாகப் பரவியிருக்கிறது. ஆடு மாடுகளுக்கு நஞ்சாகலாம், குழந்தைகளும் காயை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், மாமரத்து நிழல் விழும் மூலைக்கு இது சரிப்படாது. அங்கே மஞ்சள் பூப் பூக்கும் கடலைக்கொடி வைக்கப் போகிறேன். அரை நிழலையும் அது தாங்கும்.