1021 அடைவுகளோடு நின்றுபோன நிரல்

போன வாரம் சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒரு அடைவைக் (ஃபோல்டரைக்) கொடுத்தால், அதற்குள் எத்தனை அடுக்கு இருந்தாலும் புகுந்து எல்லாக் கோப்புகளின் அளவையும் கூட்டிச் சொல்ல வேண்டும். லினக்ஸில் இதற்கென்றே டியூ கட்டளை இருக்கிறது. ஆனாலும் சொந்தமாக எழுதிப் பார்க்க ஆசை.

வேலை எளிதுதான். ஓப்பன்டிர் அடைவைத் திறக்கும், ரீட்டிர் ஒவ்வொரு பெயராகத் தரும். அந்தப் பெயர் அடைவாக இருந்தால் ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைக்கும். அதே அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் மேல் அடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் மட்டும் தாண்டிவிட வேண்டும்.

சின்ன அடைவுகளில் கணக்கு சரியாக வந்தது. முழு ஹோம் அடைவைக் கொடுத்தபோது டியூ சொன்னதில் பாதிகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. எத்தனை அடைவுகள் திறந்தன என்று எண்ணிப் பார்த்தேன்: 1021. மறுபடி ஓட்டினாலும் 1021. வேறொரு பெரிய அடைவைக் கொடுத்தாலும் அதே 1021.

1024-க்கு மூன்று குறைவு என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு நிரல் ஒரே சமயத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு என் கணினியில் 1024. இன்புட், அவுட்புட், எரர் மூன்றும் முதலிலேயே இடம் பிடித்துக்கொள்கின்றன. மீதியை என் நிரல் தின்றிருக்கிறது, ஏனென்றால் திறந்த அடைவை மூடும் குளோஸ்டிரை நான் எழுதவே இல்லை. அடுத்த ஓப்பன்டிர், திறக்க முடியவில்லை என்பதற்கு அடையாளமான நல் (வெற்று மதிப்பு) திருப்பியது. அனுமதி இல்லாத அடைவுகளைத் தாண்டுவதற்காக, நல் வந்தால் பேசாமல் திரும்பிவிடும்படி எழுதியிருந்தேன். மூட மறந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்நோவை அச்சிட்டிருந்தால் முதல் ஓட்டத்திலேயே காரணம் தெரிந்திருக்கும்.

குளோஸ்டிர் சேர்த்தேன். அப்போதும் உள்ளே இறங்கித் திரும்பும் வரை மேல் அடைவுகள் எல்லாம் திறந்தே இருக்கும், ஆழம் கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். அதனால் பெயர்களை முதலில் ஒரு பட்டியலில் வாங்கி, அடைவை மூடி, அப்புறம் இறங்கும்படி மாற்றினேன். இப்போது எந்த நேரத்திலும் ஒரே ஒரு அடைவுதான் திறந்திருக்கும். கொஞ்சம் நினைவகம் செலவாகும், பரவாயில்லை.

இந்த முறை கணக்கு டியூவைத் தாண்டியது! ஓர் அடைவுக்குள் அதே அடைவைச் சுட்டும் சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பு) ஒன்று இருந்தது. ஒரு பெயர் கோப்பா அடைவா என்று பார்க்க நான் ஸ்டாட் பயன்படுத்தியதால், அது இணைப்பைப் பின்தொடர்ந்து போய் "இதுவும் அடைவுதான்" என்றது. ஒரு பாதையில் 40 சிம்லிங்க்குகளுக்கு மேல் லினக்ஸ் போக விடாது என்பதால்தான் சுற்று நின்றது. அதற்குள் அங்கிருந்த கோப்புகள் 41 முறை கூட்டப்பட்டுவிட்டன. எல்ஸ்டாட் என்று மாற்றியதும் சரியானது. அது இணைப்பை இணைப்பாகவே பார்க்கும்.

ரீட்டிர் தரும் டைரென்ட் அமைப்பில், பெயரின் வகையைச் சொல்லும் டி-டைப்பை வைத்து ஸ்டாட் அழைப்புகளைக் குறைக்கலாம். ஆனால் சில கோப்பு முறைமைகள் அதில் "தெரியாது" என்றே திருப்பும், அப்போது எல்ஸ்டாட்தான் வழி. அவசரமாக வேலை முடிய வேண்டியவர்கள் அடைவுகளுக்குள் தானே இறங்கிப் போகும் என்எஃப்டிடபிள்யூ ஃபங்ஷனைப் பயன்படுத்தலாம். எத்தனை அடைவுகளைத் திறந்து வைக்கலாம் என்று அதனிடம் நாமே சொல்லிவிட முடியும்.

என் கணக்கு இன்னும் டியூவைவிடச் சில கிலோபைட் அதிகமாக இருக்கிறது. ஹார்ட் லிங்க் உள்ள, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் கொண்ட கோப்புகளை டியூ ஒருமுறைதான் எண்ணும், நான் ஒவ்வொரு பெயருக்கும் எண்ணுகிறேன். கோப்பு இருக்கும் வட்டின் டிவைஸ் எண்ணையும், அதற்குள் கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணையும் சேர்த்துக் குறித்து வைக்கும் பகுதியை இன்று இரவு எழுதப் போகிறேன்.